மத்திகிரி மாடியில் மடுவா

வெளியூர்க்காரர்கள் வந்து ஊரே மாறிப்போச்சு என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படிப் பேசியவன்தான். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஓசூர் பக்கம் மத்திகிரி எங்கள் ஊர். நான் ஷார்ஜாவுக்கு வந்து 11 வருஷம். அப்பா போன பிறகு அம்மா தனி. மாடி போர்ஷனை, செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கும் ஜார்க்கண்ட் பெண்கள் நாலு பேருக்கு விடப்போவதாகச் சொன்னபோது, வேண்டவே வேண்டாம் என்றேன். அம்மா கேட்கவில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் சந்தையிலேயே பேசிப் பழகியவருக்கு நாலாவது மொழி ஒரு பயமா? எழுபதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து எத்தனை ஊர்க்காரர்களைப் பார்த்தவர்!

போன மார்கழியில் லீவுக்குப் போயிருந்தேன். அம்மா அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தார். ராகி, தளியில் இருக்கும் மாமா நிலத்தில் விளைந்தது. மாடிப் பெண்களில் ஒருத்தி பாத்திரத்தை இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்திருக்க, அம்மா துடுப்பைப் போட்டுச் சுற்றினார். இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. அவ்வளவு பழக்கம். ஈரக்கையால் உருட்டித் தட்டில் வைத்து, நடுவில் குழி பண்ணி, கீரை கடைசலை ஊற்றினார். அந்தப் பெண் மெல்லாமல் விழுங்கினாள். எங்கள் அக்கா பிள்ளைகளே இன்னும் அதைக் கற்கவில்லை.

"இது எங்க ஊர் மடுவா" என்றாள் என்னிடம், இந்தியில். கேழ்வரகுக்கு அங்கே அதுதான் பேராம்; ரொட்டியாகத் தட்டுவார்களாம். கேழ்வரகே ஆப்பிரிக்காவில் எத்தியோப்பியா, உகாண்டா மேட்டு நிலத்திலிருந்து பல ஆயிரம் வருஷம் முன்னால் இங்கே வந்த பயிர்தான். யார் கொண்டுவந்தார்களோ, அவர்களும் முதலில் வெளியூர்க்காரர்களாகத்தானே இருந்திருப்பார்கள்.

அவள் தன் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டாள். எங்கள் அம்மா களி உருண்டையைத் தூக்கிக் காட்டினார். அந்தப் பக்கத்து அம்மா உள்ளே ஓடிப்போய் ஒரு முறத்தில் ராகி மாவை எடுத்துவந்து காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அவர் என்னவோ கேட்க, அம்மா என்னைப் பார்த்தார். ஷார்ஜாவில் ரூமில் கூட இருந்த பெஷாவர் டிரைவரிடம் கற்ற இந்திதான் எனக்குத் தெரியும். அதை வைத்துச் சொன்னேன்:

"நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் சாப்பிடறாளான்னு கேக்கறாங்கம்மா."

11 வருஷமாக அம்மா என்னிடம் போனில் கேட்கும் கேள்வி அது. சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அம்மா கவனிக்கவில்லை; போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தூங்கி எழுந்துதான் சாப்பிடுவா. மூடி வச்சிருப்பேன், ஆறிப்போனா சுடவச்சுக் குடுப்பேன்னு சொல்லுடா."