திருக்கையின் முகம்: ஷார்டான் படத்தில் அழுவது யார்?

தூரிகைக்காரன்:
பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் ஷார்டானின் ‘திருக்கை’ படம் இருக்கிறது. 1728இல் அரச கலைக்கழகத்துக்குள் அவரை நுழையவிட்ட படங்களில் ஒன்று. கொக்கியில் தொங்கும் திருக்கை, கிழிந்த வயிறு, வெளியே தெரியும் குடல். கீழே சிப்பிகளின்மேல் மயிர் சிலிர்த்து நிற்கும் பூனைக்குட்டி. அந்த மீனின் முகத்தைப் பாருங்கள்: பாதி அழுகை, பாதி சிரிப்பு. செத்த மீனுக்கு இவ்வளவு துயரத்தை ஏற்றிய ஓவியர் வேறு யார்? படத்தின் உயிரே அந்த முகம்தான்.

நீலச்சாயம்:
துயரம் உங்களுடையது, மீனுடையது அல்ல. 1763இல் பிரெஞ்சு எழுத்தாளரும் கலை விமர்சகருமான தீதரோ இந்தப் படத்தைப் பற்றி எழுதும்போது, பொருள் அருவருப்பானது, ஆனால் இது மீனின் சதையேதான், தோலேதான், இரத்தமேதான் என்றார். அவர் வியந்தது சாயத்தை. ஷார்டான் சாயத்தை அடுக்கடுக்காகப் பூசுவார். அடியில் உள்ள நிறம் மேலே கசிந்து வரும். கிட்டே போனால் எல்லாம் கலங்கும், விலகி நின்றால் உருவம் கூடும். வெளிப்பாடு என்றால் எனக்கு அதுதான். முகத்தைத் தேடுகிறவர் மேகத்தில் யானையைத் தேடட்டும்.

தூரிகைக்காரன்:
யானையாம்! 1920களில் சூட்டின் என்ற ஓவியர் தம் பங்குக்குத் திருக்கை வரைந்தாரே, அதிலும் முகம் இருக்கிறதே? அவரும் மேகம் பார்த்தாரா?

கரைவலை:
ஓவியம் எனக்குத் தெரியாது; இருபது வருடமாகத் திருக்கை அரிகிறேன். நீங்கள் கண் என்று சொல்வது மூக்குத் துளைகள். உண்மையான கண்கள் முதுகுப் பக்கம் இருக்கும், இந்தப் படத்தில் தெரியாது. வாய் மட்டும் வாய்தான். அடியில் செவுள் கீற்றுகளும் உண்டு, பக்கத்துக்கு ஐந்து.

நீலச்சாயம்:
கேட்டீர்களா? கண்ணே இல்லாத இடத்தில் கண்ணீர்!

தூரிகைக்காரன்:
அவசரப்படாதீர்கள். கண்கள் முதுகில் என்றால், ஷார்டான் முதுகைக் காட்டியிருக்கலாமே? வயிற்றுப் பக்கத்தைத் திருப்பி வைத்தவர் அவர்தானே! அந்தத் தேர்வு நுட்பம் இல்லையா?

கரைவலை:
ஐயா, குடலை எடுக்க வேண்டுமானால் வயிறுதான் நம்மைப் பார்த்து இருக்க வேண்டும். எந்தச் சமையல்காரரும் அப்படித்தான் மாட்டுவார்.

தூரிகைக்காரன்:
சமையல்காரருக்கு வேலை, ஓவியருக்கு வாய்ப்பு. மூக்குத் துளை என்று அறிந்தே முகமாக விட்டிருக்கிறார் என்பேன்.

நீலச்சாயம்:
அறிந்தார் என்பதற்கு என்ன ஆதாரம்? சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த வெளிறிய, ஈரமான தோலைப் பூசாமல் வெறும் கோட்டில் வரைந்திருந்தால் உங்கள் முகம் கேலிச்சித்திரமாகப் போயிருக்கும். ஈரம்தான் அதைத் தாங்குகிறது. கிழிந்த வயிற்றுக்குள் இருக்கும் சிவப்பைச் சுற்றி அந்த முத்து வெள்ளை நிற்கிறது பாருங்கள். சிவப்பை மட்டும் மறைத்துவிட்டுப் பாருங்கள், முகம் அடங்கிவிடும்.

தூரிகைக்காரன்:
மறைத்துப் பார்த்தேன். அடங்கவில்லை.

கரைவலை:
என் கண் முகத்துக்கே போகவில்லை. மேசை விளிம்பில் ஒரு கத்தி, பிடி வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கிறது. இடித்தால் காலில் விழும். அதைத்தான் எடுத்து உள்ளே வைக்கத் தோன்றுகிறது.