மெட்டாடேட்டா: ‘தரவுப்பாயிரம்’ என்னும் சொல் குறித்து

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரு தரவைப் பற்றிய விவரக் குறிப்பான மெட்டாடேட்டாவுக்குத் (metadata) தமிழில் ‘மீதரவு’, ‘மேனிலைத் தரவு’ என்னும் இரு சொற்கள் இவ்விழையில் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. மீயொலி, மீக்கணினி என்று ‘மீ’ முன்னொட்டை மிகுதிப் பொருளில் ஏற்கெனவே ஆண்டுவருகிறோம். ஆதலால் ‘மீதரவு’ என்று கேட்பவர் அளவிறந்த தரவு என்றே கொள்வார். ‘மேனிலைத் தரவு’ என்பதோ தரவுகளுக்குள் ஏற்றத்தாழ்வு உண்டென்று எண்ணவைக்கிறது. நாம் சுட்டவேண்டியது, ஒரு தரவை யார், எங்கே, எப்போது, எக்கருவியால், எதற்காகப் பதிந்தார் என்று சொல்லும் குறிப்பை.

அக்குறிப்பின் அருமையை நம்மூர்க் கடலை வைத்தே காணலாம். திருகோணமலைக் குடாவில் பதிந்த கோப்பொன்றில் ‘09:00, 28.4’ என்று ஒரு வரி இருப்பதாகக் கொள்வோம். 28.4 என்பது செல்சியஸ் பாகை என்று ஊகித்துவிடலாம். அது மேற்பரப்பு நீரின் வெப்பநிலையா, 5 மீற்றர் ஆழத்து நீரின் வெப்பநிலையா என்பதை ஊகிக்க வழியில்லை. ஒன்பது மணி இன்னும் சிக்கலானது. இலங்கையின் நியம நேரம் 1996 மே மாதத்தில் ஒரு மணி முன்தள்ளப்பட்டு, அவ்வாண்டு ஒக்ரோபரில் அரை மணி பின்வாங்கி, 2006 ஏப்ரலில்தான் பழையபடி கிறீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னதாக நிலைகொண்டது. இடைப்பட்ட காலத்தில் வடக்கு கிழக்கின் ஒரு பகுதி பழைய நேரத்திலேயே இயங்கியதால், ‘பழைய நேரமா, புதிய நேரமா’ என்று கேட்டுத் தெளிந்தார்கள். கோப்பிடம் அவ்வாறு கேட்க முடியாது. அரை மணிப் பிழையோ கடல் நீர் ஏறி இறங்கும் வற்றுப்பெருக்கின் கணக்கைக் குழப்பப் போதுமானது.

உலக அளவிலும் இதே கதைதான். 1945 இல் கடல் மேற்பரப்பு வெப்பநிலை திடீரெனக் குறைந்ததாகப் பதிவுகள் நெடுங்காலம் காட்டிவந்தன. 2008 இல் நேச்சர் ஆய்விதழில் வந்த ஆய்வு அதன் காரணத்தை அளக்கும் முறையில் கண்டது: போர்க்காலத்தில் பெரும்பாலான அளவீடுகள் இயந்திர அறைக்கு உள்ளிழுக்கும் நீரில் எடுத்த அமெரிக்கக் கப்பல்களிலிருந்து வந்தன, போர் முடிந்ததும் வாளியில் மொண்டு அளந்த பிரித்தானியக் கப்பல்களின் பங்கு கூடியது. வாளி நீர் ஆவியாகிக் குளிரும். வாளியா குழாயா என்ற குறிப்பு இல்லாத பதிவை எவ்வளவு வலிய கணினியாலும் நேராகத் திருத்த இயலாது. இன்று 2000 மீற்றர் ஆழம்வரை சென்று பத்து நாளுக்கொருமுறை அளவீடுகளைச் செய்மதி வழியே அனுப்பும் ஆர்கோ மிதவைகளுக்கு, அளவீட்டுக் கோப்புகளுடன் இவ்விவரங்களுக்கென்றே தனிக் கோப்பும் பேணப்படுகிறது.

இவ்வேலையைச் செய்யும் உறுப்பு நம் நூல்மரபில் முன்னமே உண்டு; அது நூலின் முகவுரையான பாயிரம். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்று சிறப்புப் பாயிரம் சொல்லவேண்டிய எட்டை நன்னூல் வகுக்கிறது. காலம், களம், காரணம் ஆகியவற்றையும் சேர்ப்போர் உளர் என்கிறது. 1995 இல் ஒஹாயோவில் கூடிய பட்டறையிலிருந்து வளர்ந்த, மெட்டாடேட்டாவுக்கான டப்ளின் கோர் நியமத்தின் 15 கூறுகளிலும் ஆக்கியோன், பெயர், பொருள், மூலம், எல்லை ஆகியவை இருக்கின்றன. நன்னூலில் எல்லை நூல் வழங்கும் நிலத்தைக் குறித்தது. டப்ளின் கோரில் அது தரவு தழுவும் நிலத்தையும் காலத்தையும் குறிக்கும். இவ்வளவு நெருங்கிய பொருத்தம் கையிலிருக்க, முன்னொட்டைத் தேடி அலையவேண்டியதில்லை. ஆகவே ‘தரவுப்பாயிரம்’ என்று முன்மொழிகிறேன்.

இலக்கியச் சொல்லை அறிவியலுக்குள் இழுப்பதா என்று கேட்கலாம். ‘தரவு’ என்பதே கலிப்பாவின் முதல் உறுப்புக்குப் பெயர். இன்று அதனால் எவரும் தடுமாறுவதில்லை.

தொடர்களில் இச்சொல் நன்கு வளைகிறது: பாயிரப் புலம், பாயிர நியமம், பாயிரக் கோப்பு, பாயிரமற்ற கோப்பு. கட்டுரையில் முதன்முறை ‘தரவுப்பாயிரம்’ என்று முழுமையாக எழுதிவிட்டால், பின்பு ‘பாயிரம்’ என்றாலே போதும். புறாமலைத் தீவின் பவளப்பாறைகளைப் படமெடுக்கையில் கமரா தானே பதியும் நாள், நேரம் போன்றவற்றைத் ‘தன்னியக்கப் பாயிரம்’ எனலாம். நீரின் ஆழத்தையும் பாறையின் நிலையையும் பின்னர் ஆய்வாளர் எழுதிச் சேர்ப்பது ‘எழுதுபாயிரம்’. இவ்விரண்டாவது சொல் சற்றுச் செயற்கையாக ஒலிக்கிறது. இதைவிட நல்லது கிடைத்தால் அன்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து ஓர் உறுப்பினர்