ஒரே வாணலியில் இரவுச் சாப்பாடு: கோழி சிவக்காமல் தண்ணீர் விடுகிறது

வணக்கம் நண்பர்களே. வீடு திரும்பவே ஏழரை ஆகிவிடுகிறது. அரை மணி நேரத்தில் சமையல் முடிய வேண்டும், கழுவ ஒரே பாத்திரம்தான் இருக்க வேண்டும், ஆளுக்கு 30 கிராம் புரதமாவது சேர வேண்டும். மகள் நீச்சல் பயிற்சி முடித்துக் கடும் பசியோடு வருகிறாள். அவளுக்காகத்தான் இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

மூன்று பேருக்கு எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி 500 கிராம் எடுக்கிறேன். புரதம் போதுமான அளவு வந்துவிடும். முட்டை இன்னும் சுலபம்தான், ஆனால் ஒன்றில் 6 கிராம் அளவுதான் இருக்கிறது. ஆளுக்கு ஐந்து முட்டை தினமும் எப்படிச் சாப்பிடுவது?

சிக்கல் இதுதான். எண்ணெய் காய்ந்ததும் கறி, வெங்காயம், குடைமிளகாய் எல்லாவற்றையும் போட்டால் முதலில் நன்றாகச் சடசடவென்று பொரிகிறது. இரண்டே நிமிடத்தில் சத்தம் அடங்கி, அடியில் கலங்கலாகத் தண்ணீர் தேங்குகிறது. கறி வெளுத்துப்போய் வேகிறது. நீர் வற்றும்வரை விட்டால் நார்நாராகிவிடுகிறது. இப்போது சமையல் வெப்பமானி வைத்துப் பார்த்து, நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட்டதும் இறக்குகிறேன். மென்மை வந்துவிட்டது, நிறம் மட்டும் வரவில்லை.

இரண்டு தடவையாகப் பிரித்து வறுக்கலாம், ஆனால் நேரம் இழுக்கும். ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டு, கறியை மட்டும் முதலில் வறுத்தால் போதுமா? உப்பை எப்போது போடுகிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், நாளை இரவே முயன்று பார்க்கிறேன்.