மறு: ‘இனவெறி’ போதாது – வெள்ளை மேலாதிக்கம் என்பதற்குக் கலைச்சொல்

குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

‘இனவெறி’ என்ற சொல் போதுமா, வேறு கலைச்சொற்கள் வேண்டுமா என்பதைப் பற்றி மதுரை ஐயா, கரவெட்டி மாஸ்ரர், ரொறன்ரோ அக்கா மூவரும் எழுதிய மடல்களை வாசித்தேன். தனித்தனியே எழுதாமல் ஒரே மடலாகப் பதில் தருகிறேன். நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் சமூகவியல் படிக்கும் பிள்ளைகளின் ஆய்வேடுகளைத் திருத்துவது என் வேலை. அமெரிக்க வீட்டுக்கடன் வரலாற்றைப் பற்றி எழுதிய பிள்ளையின் வரி இது: “இனவெறி கொண்ட அதிகாரிகள் கறுப்பர் வாழும் பகுதிகளைச் சிவப்பால் குறித்தனர்.” இலக்கணப் பிழை இல்லை. சிவப்பால் குறித்ததும் உண்மை. ஆனாலும் ‘வெறி’ என்ற சொல், அங்கே என்ன நடந்தது என்பதைப் பார்க்கவிடாமல் தடுக்கிறது.

1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் கூட்டுத்தாபனம் நகரம் நகரமாக வரைபடம் தயாரித்தது. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நான்கு தரம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படிவம். வீடுகளின் வயது, பழுது, வாடகை, குடியிருப்போரின் தொழில், வருமானம் எல்லாம் அதில் கேட்கப்பட்டன. அந்த வரிசையிலேயே ஓர் இடம்: ‘நீக்ரோ – ஆம் அல்லது இல்லை, எத்தனை வீதம்’. வேறு யாருடைய ‘ஊடுருவல்’ உண்டா என்று கேட்க இன்னோர் இடம். படிவத்தை நிரப்பியவருக்குக் கோபம் வரவேண்டிய தேவையே இல்லை. எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த படிவத்தை எடுத்தால் போதும். 1934இல் தொடங்கிய கூட்டாட்சி வீடமைப்பு நிருவாகமும் கறுப்பர் பகுதிகளில் கடனுக்குக் காப்புறுதி தர மறுத்தது. கடன் கிடைக்காத இடத்தில் வீடு திருத்தப்படாது, விலை ஏறாது. அங்கே பாடசாலைக்கு வரும் பணத்தில் கணிசமான பங்கு ஆதன (சொத்து) வரியிலிருந்து வருவதால் பள்ளிக்கூடமும் தேய்ந்துபோகும். வீடு வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1968இல் சட்டம் வந்தது. அதற்கிடையில் வெள்ளைக் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு எழுதிவைக்க ஒரு வீட்டைச் சேர்த்துவிட்டன. கறுப்புக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வழி அடைபட்டுப்போனது.

> தினசரிகளில் இனவெறி, நிறவெறி என்றே வருகிறது. மக்களுக்குப் பழகிய சொல்லை விட்டுவிட்டுப் புதிது தேடுவானேன்?

ஐயா, இனவெறியை எடுத்தெறியச் சொல்லவில்லை. 2019இல் நியூசிலாந்தின் கிறைஸ்ற்சேர்ச் நகரில் பள்ளிவாசல்களுக்குள் புகுந்து 51 பேரைக் கொன்றவனுக்கு அந்தச் சொல் பொருந்தும். ஆனால் தென்னாபிரிக்காவை எடுங்கள். 1950இல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனத்தின் கீழ் பதிந்தது. அதே ஆண்டுச் சட்டம் ஒன்று, எந்த இனம் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று பிரித்தது. பதிவேடு, கந்தோர் (அலுவலகம்), முத்திரை, எழுதுவினைஞர். இதை ‘நிறவெறி’ என்று சொன்ன கையோடு கந்தோர் மறைந்து, முகம் சிவந்த ஒரு மனிதன் வந்து நிற்கிறான். வெறி ஏறும், பிறகு முறியும். அந்தச் சட்டங்கள் நாற்பது வருடத்துக்கு மேல் முறியவில்லை.

ஆய்வு செய்பவருக்கு இது சொல் விளையாட்டல்ல. வெறி என்றால் மனத்துக்குள் இருப்பதை அளக்கவேண்டும், அதற்கு யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிக்காகோவிலும் பொஸ்ரனிலும் வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5000 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. தகுதி ஒத்தவை, பெயர் மட்டும் வேறு. வெள்ளையர் என்று தோன்றும் பெயர்களுக்கு 50 வீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. எந்த முதலாளியின் மனத்தையும் திறந்து பார்க்காமலே விளைவை அளந்துவிட்டார்கள். நிறுவனம் செய்யும் பாகுபாட்டுக்கு ‘இன்ஸ்ரிரியூஷனல் ரேசிசம்’ என்று தனிப்பெயர் வைத்து, அமெரிக்காவில் ஸ்ரோக்லி கார்மைக்கேலும் சார்ள்ஸ் ஹமில்ரனும் 1967இலேயே எழுதினார்கள். இலண்டனில் கொல்லப்பட்ட ஸ்ரீபன் லோரன்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் வழக்கை விசாரித்து 1999இல் வெளிவந்த மக்பேர்சன் அறிக்கை, பொலிசைப் பற்றிச் சொல்ல அதே சொல்லை எடுத்தது. அதைத் தமிழில் ‘நிறுவன இனவெறி’ என்று எழுதிப் பாருங்கள். நிறுவனத்துக்கு எப்படி வெறி பிடிக்கும்?

> இனவாதம் எண்டால் இஞ்ச ஆக்களுக்குச் சிங்கள இனவாதம்தான் நினைவுக்கு வரும். எங்கட அனுபவத்தில விளைஞ்ச சொல்லைத் தூக்கி அமெரிக்காவுக்குக் குடுக்கலாமோ தம்பி?

மாஸ்ரர், கொடுக்கலாம், கொடுக்கவேண்டும். எங்கள் அனுபவத்தில் விளைந்ததாலேயே அந்தச் சொல்லுக்குப் பலம் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியாக வெவ்வேறு வெட்டுப்புள்ளி வைத்த தரப்படுத்தலை நினைத்துப் பாருங்கள். 1971இல் மருத்துவபீடத்துக்குத் தமிழ் மொழிமூலப் பிள்ளைக்கு 250 புள்ளி, சிங்கள மொழிமூலப் பிள்ளைக்கு 229. யாரும் கத்தி தூக்கவில்லை, ஒரு பட்டியல் வெளிவந்தது. அதைப் பற்றிக் கதைக்கும்போது இங்கே ஒருவரும் ‘இனவெறி’ என்று சொல்லவில்லை, இனவாதம் என்றே சொன்னோம். 1983 ஜூலையில் வீடுகளுக்கு நெருப்பு வைத்தவர்களைச் சொல்லும்போது வெறி வந்தது. இந்த வேறுபாடு யாழ்ப்பாணத்துப் பேச்சில் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே ‘நிறுவன இனவாதம்’, ‘கட்டமைப்பு இனவாதம்’ என்ற இரண்டையும் முன்மொழிகிறேன். தமிழ்நாட்டு வாசகருக்கு முதலில் கொஞ்சம் நெருடலாம், பழகிவிடும்.

> வைட் சுப்ரிமசி எண்டே தமிழ் எழுத்தில எழுதினால் என்ன? இங்க பிள்ளையளுக்கு அதுதான் விளங்கும்.

அக்கா, ரொறன்ரோவில் விளங்கும். கோப்பாயில் விளங்காது. மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டில் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த சாமுவேல் கிறீன், ‘கெமிஸ்தம்’ என்று நூலுக்குப் பெயரிட்டார். இன்று எங்கள் பாடசாலைகளில் இருப்பது இரசாயனவியல். கிறீன் செய்த பணிக்கு நான் தலைவணங்குகிறேன், ஆனாலும் ஒலிபெயர்ப்பு நிலைக்கவில்லை.

இனி முக்கியமான சொல். சிலர் ‘வெள்ளை மேலாண்மை’ என்று எழுதுகிறார்கள். இங்கே நிருவகிப்பதை முகாமைத்துவம் என்கிறோம். தமிழ்நாட்டில் அதற்கு மேலாண்மை என்றே பெயர், நீர் மேலாண்மை, பேரிடர் மேலாண்மை என்று. அங்கே ஒரு மாணவி ‘வெள்ளை மேலாண்மை’ என்று வாசித்தால் ஏதோ முகாமைத்துவப் பாடம் என்று நினைப்பாள். சுருக்கினால் இன்னும் மோசம், வெள்ளாண்மை என்றால் வயல் விதைப்பு.

என் விருப்பம் ‘வெள்ளை மேலாதிக்கம்’. ஒழுங்கு முழுவதற்கும், அதாவது சட்டம், சொத்து, வேலை, பள்ளிக்கூடம் எல்லாம் சேர்ந்து வெள்ளையரை மேலே வைத்திருக்கும் ஏற்பாட்டுக்கு, அந்தச் சொல். வெள்ளையர் பிறப்பிலேயே உயர்ந்தவர் என்ற நம்பிக்கைக்கும், அதைக் கொள்கையாக வைத்து இயங்கும் கு கிளக்ஸ் கிளான் போன்ற அமைப்புகளுக்கும் ‘வெள்ளை மேன்மைவாதம்’. இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கக்கூடாது. மேன்மைவாதத்தை வெளிப்படையாகக் கைவிட்ட பிறகும் மேலாதிக்கம் தொடரலாம், அதை ஆராய்வதற்கே இந்தச் சொற்கள் தேவைப்படுகின்றன.

மேலாதிக்கம் என்பதை நான் வலியுறுத்த இன்னொரு காரணமும் உண்டு. ‘வெள்ளாள மேலாதிக்கம்’ என்ற தொடர், வெள்ளாளர் என்ற ஆதிக்க சாதியைக் குறித்து, இங்கே ஏற்கெனவே புழங்குகிறது. தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதி மக்களுக்கு வேறு குவளையும், இருக்க வெளியே வாங்கு ஒன்றும் போட்டிருந்தது இந்த யாழ்ப்பாணத்தில். 1957இல் அதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தபிறகும் கடைகளும் கோயில்களும் உடனே திறக்கவில்லை. 1966 ஒக்ரோபரில் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் போகவேண்டியிருந்தது, 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நிற்கவேண்டியிருந்தது. சாதியும் நிற இனமும் ஒன்றல்ல, அவற்றின் தோற்றமும் வரலாறும் வேறு. ஆனால் ஒரே சொல்லை இரண்டு இடத்திலும் பாவித்தால், பிள்ளை அமெரிக்காவைப் பற்றி வாசிக்கும்போது தன் ஊர்க் கிணற்றடியையும் யோசிக்கும். இனவாதத்தால் அடிபட்டவர்கள் என்பதற்காக எங்களை அந்த ஆய்வுக்கு வெளியே நிறுத்தும் சொற்களை நான் ஏற்கமாட்டேன்.

ஒன்று மட்டும் தீரவில்லை. ‘வெள்ளையர்’ என்று கணக்கில் எடுக்கப்படும் அந்தத் தகுதிக்கு என்ன சொல்? அது தோலின் நிறம் அல்ல. அந்நாளில் குடியேறி வந்தவர்களில் வெள்ளையருக்கும் ஆபிரிக்க வழிவந்தோருக்கும் மட்டுமே அமெரிக்கக் குடியுரிமை பெற வழி இருந்தது. 1922இல் ஒசாவா என்ற யப்பானியர், தோல் வெளுப்பாக இருந்தாலும் கொக்கேசியர் அல்ல என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் மறுத்தது. அடுத்த வருடம் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர், அப்படியென்றால் நான் கொக்கேசியன், ஆரியன் என்று வந்தார். சாதாரண மனிதன் வெள்ளையர் என்று சொல்வது இவரைப் போன்றவரை அல்ல என்று அவரையும் அதே மன்றம் திருப்பி அனுப்பியது. வேலி நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. ‘வெண்மை’ என்றால் தூய்மையின் வாசம் வருகிறது, வேண்டாம். இனத்துவம் என்று நாங்கள் எழுதுவதைப் போல ‘வெள்ளைத்துவம்’ என்று வைக்கலாமா? வடமொழி ஈறு மதுரை ஐயாவுக்குப் பிடிக்காது என்று தெரியும். ‘வெள்ளையர்மை’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார், நாக்கு ஒத்துழைக்கவில்லை.

ஐயா, இந்தக் கடைசிச் சொல்லுக்கு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். அக்கா, அங்கே பாடசாலைச் சபைகளின் தமிழ் மொழிபெயர்ப்புகளில் என்ன போடுகிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள். பிள்ளைகள் ஆய்வேட்டின் முதல் வரைவைக் கொண்டுவருவதற்கு முன் பட்டியலை அவர்களுக்குக் கொடுக்க விரும்புகிறேன்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து