எடிட் லாக்: சின்ன கம்பெனிக்கு வீண் சுமையா?

பேரேடு:
2023 ஏப்ரல் 1 முதல் மென்பொருளில் கணக்கு எழுதும் எந்தக் கம்பெனியாக இருந்தாலும், எடிட் லாக் (கணக்கில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு தானே பதிந்து வைக்கும் வசதி) உள்ள மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும், அதை அணைக்கவும் முடியக்கூடாது. எல்.எல்.பி.க்கும் (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை) சாதாரண பார்ட்னர்ஷிப்புக்கும் இந்த விதி கிடையாது. இரண்டு டைரக்டர், ஒரே அக்கவுண்டன்ட் என்று ஓடும் பிரைவேட் லிமிடெட்டில் யாரிடமிருந்து எதை மறைக்கப் போகிறார்கள்? மார்ச் வவுச்சரை (கணக்குப் பதிவுச் சீட்டு) ஜூலையில் ஏன் தொட்டீர்கள் என்று ஆடிட்டருக்கு விளக்கம் எழுதியே நாள் போகிறது.

சிவப்புமை:
கடன் கொடுத்த பேங்குக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் (கையிருப்புச் சரக்குக் கணக்கு) கொடுத்த பிறகு அதே மாதத்துப் பில்லைத் திருத்தினால், பேங்க் கையில் ஒரு கணக்கு, கம்பெனியில் வேறு கணக்கு. கைப்பேரேட்டில் தப்பை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, மேலே சரியான தொகை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைப்பார்கள். ஒயிட்னர் பட்ட பக்கத்தை ஆடிட்டர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். லாக்கும் அதே வேலைதான் சார்: 48,500 என்பது 84,500 ஆனால் பழைய தொகை, புதிய தொகை, தேதி, யூசர் பெயர் நான்கும் நிற்கும்.

பேரேடு:
யூசர் பெயரா? எல்லோரும் ஒரே பாஸ்வேர்டில் உள்ளே போகிற ஆபீஸில் லாக் முழுக்க 'அட்மின்', 'அட்மின்' என்றே இருக்கும். விதியின் வாசகத்திலும் மாற்றமும் தேதியும்தான் இருக்கிறது, ஆள் இல்லை.

சிவப்புமை:
ஆடிட்டர்களின் அமைப்பான ஐ.சி.ஏ.ஐ.யின் வழிகாட்டி எப்போது, யார், எதை என்று மூன்றையும் கேட்கிறது. ஆளுக்கு ஒரு லாகின் போடுங்கள். அட்மின் லாகினில் வவுச்சர் போடவே கூடாது. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் ஆன மாதத்தைப் பூட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் திருத்தம் புதிய ஜர்னலாகவோ (தனிச் சரிக்கட்டும் பதிவு) கிரெடிட் நோட்டாகவோதான் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) போக வேண்டும். ஐ.ஆர்.என். (இ-இன்வாய்ஸ் போர்ட்டல் தரும் பதிவு எண்) எடுத்த இன்வாய்ஸை டாலி மாதிரி கணக்கு மென்பொருளில் மட்டும் மாற்றுவது இன்னும் மோசம். போர்ட்டலில் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாமே தவிர திருத்த முடியாது. ரத்தான இன்வாய்ஸ் எண்ணை மறுபடி பயன்படுத்தவும் வழியில்லை. உங்கள் பேரேட்டில் ஒரு தொகை, ஜி.எஸ்.டி.ஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்னில் வேறு தொகை என்று நிற்கும். காரணம் எழுத லாக்கில் கட்டம் இல்லை என்றால் நரேஷனில் (என்ட்ரியின் கீழ் எழுதும் விளக்கம்) ஒரு வரி போடுங்கள்: 'ரேட் தவறு, பர்ச்சேஸ் ஆர்டர் பார்த்துத் திருத்தியது'. ஜூலைக் கேள்விகளில் பாதி அதிலேயே அடங்கிவிடும்.

கடைசிவரிசை:
இரண்டு பேருமே திரையில் தெரிகிற லாக்கைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். ஈ.ஆர்.பி. (எல்லாத் துறைக் கணக்கையும் ஒன்றாக நடத்தும் பெரிய மென்பொருள்) வைத்திருக்கும் இடத்தில் டேட்டாபேஸுக்குள் நேரே போய் ஒரு அப்டேட் கட்டளை கொடுத்தால் அப்ளிகேஷன் லாக்குக்கு விஷயமே தெரியாது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பெரிய கம்பெனிகளின் தணிக்கை அறிக்கைகளிலேயே 'டேட்டாபேஸ் அளவில் லாக் இயங்கவில்லை' என்ற வரி வந்திருக்கிறது. சின்ன கம்பெனியில் பேக்கப்தான் ஓட்டை. போன வார பேக்கப்பை மேலே ரீஸ்டோர் செய்தால் நடுவில் நடந்த திருத்தமும் அதன் லாக்கும் சேர்ந்தே காலி. இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி பேக்கப் எடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதையும் கணக்கு எழுதுபவரிடமே விட்டால் பயனில்லை.

பேரேடு:
சரி, இதையெல்லாம் செய்தால் மோசடி நின்றுவிடுமா? 2009இல் வெளிவந்த சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கம்பெனியின் மோசடி விவகாரத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட போலி இன்வாய்ஸ். புதிதாகப் பொய்யாகவே போட்ட என்ட்ரியில் எடிட் லாக் என்ன காட்டும்?

சிவப்புமை:
ஒன்றும் காட்டாது, உண்மைதான். பொய் என்ட்ரியைப் பிடிக்க பேங்கிலிருந்து நேரடியாக பேலன்ஸ் உறுதிக் கடிதம் வாங்க வேண்டும், அது வேறு வேலை. முடிந்த கணக்கைச் சத்தமில்லாமல் மாற்றுவதை மட்டும்தான் இது பிடிக்கும். அதற்கே ஆடிட்டர் மூன்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது: வருடம் முழுக்க இயங்கியதா, யாராவது அதில் கைவைத்தார்களா, பாதுகாத்து வைக்கப்பட்டதா.

கடைசிவரிசை:
மூன்றாவதில்தான் பலர் மாட்டுவார்கள். நடுவருடத்தில் மென்பொருள் மாற்றும்போது குளோசிங் பேலன்ஸை மட்டும் கொண்டுபோய், பழைய லைசென்ஸை விட்டுவிடுகிறார்கள். கணக்கை எட்டு வருடம் வைத்திருக்க வேண்டும், லாக்கும் அதில் அடக்கம். பழைய டேட்டாவைத் திறந்து படிக்கும் நிலையில் ஒரு கம்ப்யூட்டரையாவது தனியாக வையுங்கள். கம்பெனிகள் சட்டம் 128ஆம் பிரிவில் அபராதம் 50,000 முதல் 5 லட்சம் வரை, அதுவும் பொறுப்பில் இருப்பவர் தலையில்.