கொழுப்புச் சவ்வு அச்சு: கட்டம் ஒளிருது, வெளுத்த இடம் திரும்பல

வியாசர்பாடி_வேதியியல்:
வணக்கம். கவர் கிளாஸ்ல பிடிஎம்எஸ் (சிலிக்கோன் ரப்பர்) முத்திரையால பிஎஸ்ஏ புரதத்தை வலை மாதிரி அச்சடிச்சு, நடுவுல விடுபடுற 50 மைக்ரான் கட்டங்கள்ல டிஎம்பிசி-ங்கிற லிப்பிட்டோட (கொழுப்பு) வெசிக்கிள், அதாவது நுண்ணிய உருண்டைகளை ஊத்துறோம். அது உடைஞ்சு விரிஞ்சு சவ்வாகணும். ஒளிர்றதுக்கு டெக்சாஸ் ரெட் சாயம் ஒட்டின லிப்பிட் 0.5 மோல் சதவீதம். கட்டங்கள் ஒளிருது. ஆனா லிப்பிட் நகருதான்னு பார்க்க லேசரால ஒரு புள்ளியை வெளுத்தா 10 நிமிஷம் கழிச்சும் நிறம் திரும்பல. சில இடத்துல கோடும் கலங்கியிருக்கு. அறையில ஏசி 22 டிகிரி. எங்க பிசகுது?

கண்ணாடித்தகடு:
வெசிக்கிள் உடைஞ்சு விரியாம உருண்டையாவே ஒட்டியிருக்கும். முதல்ல கண்ணாடியைப் பாருங்க. சோப்புக் கரைசல்ல சோனிகேட் பண்ணி (மீயொலியால அதிரவச்சு), மில்லிக்யூ சுத்தத் தண்ணியில நல்லா அலசி, நைட்ரஜன்ல உலர்த்தி, 5 நிமிஷம் ஆக்சிஜன் பிளாஸ்மா கொடுங்க. நம்ம பக்கத்து போர் தண்ணி கண்ணாடியில படவே கூடாது, உலர்ந்தா உப்பு படிஞ்சிடும். பிளாஸ்மா முடிஞ்ச கையோட அச்சடிங்க, தள்ளிப்போட்டா காத்துல இருக்கிற அழுக்கு திரும்ப ஏறிடும்.

கோடு கலங்குறது முத்திரையால. முத்திரை மேல பிஎஸ்ஏ கரைசல் மில்லிக்கு 0.1 மில்லிகிராம், 20 நிமிஷம். அப்புறம் அலசி, முழுசா உலர்த்தி, கண்ணாடி மேல 1 நிமிஷம் லேசா வைங்க. ஈரம் இருந்தாலோ அழுத்தினாலோ பள்ளமும் கண்ணாடியைத் தொட்டுடும். முத்திரைக்கு பிளாஸ்மா வேண்டாம், புரதம் அதுலயே தங்கிடும்.

ராயபுரம்_சவ்வு:
கண்ணாடியைக் குறை சொல்றதுக்கு முன்னாடி வெப்பநிலையைப் பாருங்க. டிஎம்பிசி உருகுறது 24 டிகிரியில. உங்க 22-ல அது ஜெல், சவ்வு முழுசா விரிஞ்சிருந்தாலும் லிப்பிட் நகராது. மைக்ராஸ்கோப் மேடையை 30-க்கு ஏத்தி மறுபடி வெளுத்துப் பாருங்க. வெசிக்கிளை நுண்துளை வடிகட்டி வழியா பிழியறது, ஊத்துறது, அலசுறது எல்லாமே 24-க்கு மேலதான் நடக்கணும். ஏசி அறையிலயே வேலைன்னா டிஓபிசி-ங்கிற லிப்பிட்டை எடுங்க, அதோட உருகுநிலை மைனஸ் 17. வெளுக்கிற புள்ளியும் 10 மைக்ரானுக்குள்ள இருக்கட்டும். கட்டம் மூடினது, பாதியை வெளுத்தா புது லிப்பிட் வர வழியில்ல, மொத்தக் கட்டமும் மங்கிடும்.

வியாசர்பாடி_வேதியியல்:
30-ல முக்கால்வாசி கட்டம் 1 நிமிஷத்துக்குள்ள திரும்புது, நன்றிங்க. மீதி ஏன் அப்படியே இருக்கு?

கண்ணாடித்தகடு:
வெப்பநிலையை நான் யோசிக்கல, அவர் சொன்னது சரி. திரும்பாத கட்டங்கள் முத்திரை அழுந்தின பக்கமா இருக்கான்னு பாருங்க. சரியா வேகாத பிடிஎம்எஸ்-ல இருந்து சிலிக்கோன் எண்ணெய் கண்ணாடிக்கு இறங்கும், அங்க வெசிக்கிள் உடையாது. பிடிஎம்எஸ் 10-க்கு இறுக்கி 1 கலவையை 70 டிகிரியில 4 மணி நேரம் வேகவச்சு, முத்திரையை ராத்திரி முழுக்க எத்தனால்ல ஊறப்போட்டு உலர்த்துங்க. அலசும்போது சவ்வு எப்பவும் பஃபர் கரைசலுக்குள்ளயே இருக்கணும். காத்து பட்ட இடத்துல சவ்வு உரிஞ்சு போயிடும், அது கறுப்பாத் தெரியும்.