மாத்திரைப் பையைக் கொட்டச் சொன்ன பிறகுதான் தெரிந்தது

ஈரோடு பக்கம் ஒரு மருத்துவமனையில் 11 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். அல்சர் நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும்போது முன்பெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்வேன். காரம் குறைங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க, அவ்வளவுதான். அதை மாற்றியவர் விசைத்தறியில் வேலை பார்த்த ஒரு அம்மா. வயது 60 இருக்கும்.

டிஸ்சார்ஜ் ஆனபோது நான் சொன்னதை அவர் ஒன்றுவிடாமல் செய்தார். மிளகாயைத் தொடவே இல்லை. மணத்தக்காளிக் கீரையும் மோரும்தான். ஆனாலும் இரண்டே மாதத்தில் தலைசுற்றலோடு திரும்பி வந்தார். ஒரு வாரமாக மலம் தார் மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது. கீரையால்தான் என்று நினைத்து விட்டுவிட்டாராம். உண்மையில் அது புண்ணிலிருந்து ரத்தம் கசிவதன் அடையாளம்.

கையிலிருந்த மஞ்சப்பையைக் கட்டிலில் கொட்டச் சொன்னேன். அமிலத்தைக் குறைக்கும் கேஸ் மாத்திரையான பாண்டோபிரசோல் அட்டைகளுக்கு நடுவே டைக்ளோஃபினாக்.

"இது எதுக்கும்மா?"

"அது முட்டி வலிக்குங்க கண்ணு. வயித்துக்கு இல்லீங்களே."

தினமும் இரண்டு, சீட்டு இல்லாமலே மெடிக்கலில் வாங்கியிருக்கிறார். அவர் எதையும் மறைக்கவில்லை. நான்தான் கேட்கவில்லை. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது. காரம் எரிச்சலைக் கூட்டலாம், ஆனால் பெரும்பாலும் புண்ணை உண்டாக்குவது இந்த வலி மாத்திரைகளும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும்தான். இது தெரிந்திருந்தும் நான் மிளகாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் முட்டிக்கு டாக்டர் பாராசிட்டமால் மாற்றிக் கொடுத்தார்.

கிருமிக்கு மருந்து எடுப்பவர்களிடம் சிக்கல் வேறு. லாரி ஓட்டும் ஒருவர் ஐந்தாம் நாளே ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டார், வலி போய்விட்டதாம். 14 நாளும் போட்டால்தான் கிருமி சாகும், பாதியில் விட்டால் அடுத்த முறை அதே மருந்து கேட்காமல் போகலாம் என்று உட்கார வைத்துச் சொன்னேன். இப்போதெல்லாம் மருந்து முடியும் தேதியை அட்டையின் மேலேயே பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன். பீடியையும் விடச் சொல்கிறேன், புண் ஆறுவதை அது தாமதப்படுத்தும்.

நான் சொல்லி முடித்ததும், "வீட்டுக்குப் போய் உங்க மகள்கிட்ட இதை எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்பேன். சரி சரி என்று தலையாட்டிய ஒரு பெரியவர், "கேஸ் மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடணும்" என்றார். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் என்று மூன்று முறை சொல்லியிருந்தேன். திருப்பிச் சொல்ல வைத்ததால்தான் தெரிந்தது.

கறுப்பு மலம், காப்பித்தூள் மாதிரி வாந்தி, திடீரென்று தாங்க முடியாத வலியோடு வயிறு பலகையாக இறுகுவது, இந்த மூன்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இதை மட்டும் கூட இருப்பவரையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டாம்.

போன மாதம் அந்த அம்மா செக்கப்புக்கு வந்தார். நான் கேட்கும் முன்பே பையைக் கொட்டினார். பக்கத்துத் தறிக்காரம்மாவின் அட்டை ஒன்றும் அதில் இருந்தது. "இது ஆகுங்களா கண்ணு?" என்றார். டைக்ளோஃபினாக்தான். அவரையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.